ஒரு நம்பர் விட்டுப்போனா வேதமே பொய்யாயிருமா?

ஆசிரியர் ஐயாவுக்கு, மதுரையிலருந்து உங்க பழைய வாசகி எழுதிக்கிறது. வணக்கம்.

ரெண்டு வாரமா உங்க வாசகர் பக்கத்துல நடக்குற சண்டையை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முதல்ல ஒரு சகோதரர் எழுதுனாரு, வேதத்துல ஒரு எழுத்தைச் சந்தேகப்பட்டாலும் அவன் கிறிஸ்தவனே இல்லன்னு. மறுவாரம் இன்னொருத்தர் வந்து, அப்ப முழுசுமே கட்டுக்கதைதான், படிச்சவங்க இதை இன்னுமா நம்புறீங்கன்னு கேட்டாரு. ரெண்டு பேருமே நல்ல கோவக்காரங்க போல. நடுவுல நம்ம எதுக்குன்னு பேசாமத்தான் இருந்தேன், ஆனா முதல் லெட்டர்ல ஒரு கூத்து நடந்துச்சு பாருங்க, அதைச் சொல்லாம இருக்க முடியல.

அவர் காட்டுன வசனம் 'வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது'ங்கறது. அது பவுல் எழுதுன ரெண்டாம் தீமோத்தேயு லெட்டர்ல 3:16, அதாவது மூணாம் அதிகாரம் பதினாறாம் வசனம். உங்க பேப்பர்ல 3:6ன்னு அச்சாகியிருந்துச்சு, ஒரு 1 விட்டுப்போச்சு. நான் பழக்கதோசத்துல பைபிளை எடுத்து 3:6ஐப் பாத்தா, பாவத்துல கிடக்குற பொம்பளைங்க வீட்டுக்குள்ள நைசா நுழைஞ்சு அவங்களைக் கைக்குள்ள போட்டுக்கிற ஆளுகளைப் பவுல் திட்டிக்கிட்டு இருக்காரு. சமையக்கட்டுல ஒத்தையில நின்னு சிரிச்சேன். வீட்டுக்காரர் வந்து என்னன்னு கேட்டு அவரும் சிரிச்சாரு. ஆனா ஒண்ணு, அதைப் பாத்து அந்தச் சகோதரர் எழுதுன லெட்டரே பொய், இப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு எனக்குத் தோணல, அச்சுக் கோர்க்கும்போது ஒரு நம்பர் விழுந்துருச்சுன்னுதான் தோணுச்சு. அவர் என்ன சொல்ல வந்தாரோ அது எனக்கு வந்து சேந்துருச்சுல்ல.

நான் சண்டே ஸ்கூல்ல பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிறவ, முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இந்த வருசம் வேத வினாப் போட்டிக்குப் பழைய ஏற்பாட்டு நாளாகமம் குடுத்துருந்தாங்க, சாதாரணமா யாரும் நாளாகமம் பக்கம் போக மாட்டாங்க, எல்லாம் பேரும் கணக்கும்தான். ஆறாப்பு படிக்கிற பையன் ஒருத்தன் நோட்டும் பேனாவுமா வந்து நிக்கிறான். "டீச்சர், யூதாவை ஆண்ட யோராம் ராஜா முப்பத்திரண்டு வயசுல பட்டத்துக்கு வர்றாரு, எட்டு வருசம் ஆளுறாரு, செத்துப்போறாரு. அப்ப நாப்பது வயசு. உடனே அவரு மகன் அகசியாவ ராஜாவாக்குறாங்க, அவனுக்கு நாப்பத்திரண்டு வயசுன்னு போட்டுருக்கு. அப்பாவை விட மகன் ரெண்டு வயசு மூத்தவனா டீச்சர்?" இதுல இன்னொரு வேடிக்கை, ரெண்டாம் நாளாகமம் 22ஆம் அதிகாரம் முதல் வசனமே அகசியாவை இளைய குமாரன்னு சொல்லுது. கடைக்குட்டியே அப்பனுக்கு மூத்தவன்னா மூத்தவங்களுக்கு என்ன வயசு வைப்பீங்க!

நான் அவனை ரெண்டாம் இராஜாக்கள் 8:26 எடுக்கச் சொன்னேன். அங்க அதே அகசியாவுக்கு இருபத்திரண்டு வயசு. கணக்கு சரியாயிருச்சு. கையால பாத்து எழுதுன காலம்டா தம்பி, நூத்துக்கணக்கான வருசமா ஒருத்தர் எழுதுனதைப் பாத்து இன்னொருத்தர் எழுதி வந்துருக்கு, எங்கயோ ஒருத்தருக்குக் கண்ணு அசந்துருக்கும், அதைத் திருத்தாம அப்படியே வச்சுக்கிட்டு வந்துருக்காங்கன்னு சொன்னேன். பையன் 'ஓ'ன்னான், எழுதிக்கிட்டான், போய்ட்டான். அவனுக்கு விசுவாசம் ஒண்ணும் ஆட்டம் காணல, பசிதான் எடுத்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம் ஒண்ணு இருக்கு, ரெண்டாவது லெட்டர் எழுதுன ஐயா இதைக் கொஞ்சம் வாசிக்கணும். 1993ல இஸ்ரேல் நாட்டு வடக்குல தேல் தான்ங்கற இடத்துல தோண்டும்போது உடைஞ்ச கல்வெட்டு ஒண்ணு கிடைச்சுச்சு, அராமிய மொழியில, கிறிஸ்துவுக்கு முந்தி ஒம்பதாம் நூற்றாண்டு. யூதாவோட எதிரி ராஜா ஒருத்தன் தன் வெற்றியைப் பீத்திக்கிற கல்லு. அதுல 'தாவீதின் வீடு'ன்னு இருக்கு, அதாவது தாவீது ராஜா வம்சம். பக்கத்துல பாதி உடைஞ்ச ஒரு பேரு, அதைப் பல ஆராய்ச்சியாளருங்க என்னன்னு வாசிக்கிறாங்க தெரியுமா, யோராம் மகன் அகசியான்னு. அதே நம்ம நாப்பத்திரண்டு வயசுக்காரன்! அவனை நான்தான் கொன்னேன்னு அந்த ராஜா சொல்றான், வேதம் என்னடான்னா இஸ்ரவேல் படைத்தலைவன் யெகூதான் கொன்னான்னு சொல்லுது. அப்ப கல்லுலயும் எல்லாமே உண்மைன்னு எடுத்துக்க முடியாது, தோலுல எழுதுனதுலயும் வயசு தப்பா நிக்குது, ஆனா ஆளு இருந்துருக்கான். கீழடியில ஓட்டுச்சில்லுல ஆதன்னு பேரைப் பாத்து சந்தோசப்படுற ஊரு நம்ம ஊரு, ஒரு பேரு கிடைக்கிறது எவ்வளவு பெரிய விசயம்னு நமக்குத் தெரியும், அந்தப் பேரை வச்சு எல்லாத்தையும் நிரூபிச்சுட்டோம்னு சொல்ல முடியாதுன்னும் தெரியும்.

பையன் கதைக்கு வர்றேன். பிள்ளை வீட்ல போய்ச் சொல்லிட்டான் போல, வேதத்துல ஒரு கணக்கு தப்பா இருக்கு, டீச்சர் சொன்னாங்கன்னு. மறு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கறிக்கடையில நிக்கிறேன், அவன் பெரியப்பா எனக்கு முன்னால வரிசையில நிக்கிறாரு. அவர் இப்ப வேற ஒரு புது சபைக்குப் போறவரு. என்னைப் பாத்ததும் திரும்பி, "டீச்சரம்மா, பச்சப்பிள்ளைட்ட வேதத்துல தப்பு இருக்குன்னு சொல்லலாமா, ஒண்ணு தப்புன்னா அம்புட்டும் தப்புன்னு ஆயிராதா"ன்னு சத்தமாவே கேட்டுட்டாரு. கடைக்காரரு கத்தியை நிப்பாட்டிட்டுப் பாக்குறாரு. நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதுதான் அவர் கையைப் பாத்தேன். எவர்சில்வர் தூக்குவாளி. எதுக்குன்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆட்டு ரத்தம் வாங்க. சின்ன வெங்காயம் நிறையா வதக்கி, வரமிளகா கிள்ளிப்போட்டு, கடைசில தேங்காய்ப்பூ தூவி ரத்தப் பொரியல் வச்சா ஞாயித்துக்கிழமைக்கு வேற எதுவும் வேணாம்.

"தம்பி, அப்போஸ்தலர் 15:29 என்ன சொல்லுது"ன்னு கேட்டேன். அவருக்கு மனப்பாடம், பாவம், கடகடன்னு சொல்ல ஆரம்பிச்சாரு, 'விக்கிரகங்களுக்குப் படைத்தவைகளுக்கும், இரத்தத்திற்கும்...' அதோட நிப்பாட்டிட்டாரு. கையைப் பாத்தாரு. இது பழைய ஏற்பாட்டுச் சட்டம்னு தள்ளவும் முடியாது, புதிய ஏற்பாடு, எருசலேம்ல பேதுரு யாக்கோபு எல்லாரும் கூடி உக்காந்து, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டதுன்னு சொல்லி, இதுக்கெல்லாம் விலகியிருங்கன்னு எழுதி அனுப்புன லெட்டர். "அது அந்தக் காலத்து யூதருங்க மனசு நோகக்கூடாதுன்னு சொன்னது டீச்சரம்மா"ன்னாரு. நல்ல பதில், சரியான பதிலும்தான். அதைத்தான் தம்பி நானும் பிள்ளைட்ட சொன்னேன், யாரு, எப்ப, யாருக்கு, எதுக்குச் சொன்னதுன்னு பாத்துத்தான் வாசிக்கணும்னு. கடைக்காரரு சிரிச்சுட்டாரு. அவர் தூக்குவாளி நிறையா வாங்கிட்டுப் போனாரு. நானும் அரைவாளி வாங்குனேன், பொய் சொல்லக்கூடாது.

நான் சொல்ல வர்றது இதுதான். வேதம் முழுசையும் ஒண்ணுவிடாம அப்படியே ஏத்துக்கிறேன்னு சொல்றவங்க எல்லாருமே ஒரு சல்லடையை வச்சுக்கிட்டுத்தான் சொல்றாங்க. என்கிட்டயும் சல்லடை இருக்கு. என்னுடையதை நான் வெளியில வச்சுருக்கேன், அவங்க முந்தானைக்குள்ள வச்சுருக்காங்க, அம்புட்டுதான். அந்த சல்லடையில எது நிக்குது எது விழுதுன்னு பாத்தா ஒரு விசயம் தெரியும், நமக்குச் செலவு வைக்கிற வசனமாப் பாத்து விழும்.

'தன் பணத்தை வட்டிக்குக் கொடாமலும்'னு பதினஞ்சாம் சங்கீதம். கர்த்தருடைய கூடாரத்துல யாரு தங்கலாம்னு கேட்டுட்டு அதுக்குச் சொல்ற பதில்ல ஒண்ணு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு, உலகம் ஆறே நாள்ல, இருபத்திநாலு மணி நேர நாள்ல படைக்கப்பட்டுச்சு, இதுல ஒரு நிமிசம் குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன்னு அடிச்சுப் பேசுவாரு, தொழில் வட்டிக்கு விடுறது, நூத்துக்குப் பத்து. கந்துவட்டிக்கு எதிரா நம்ம கவர்மெண்ட்டே 2003ல சட்டம் போட்டுருச்சு, சங்கீதக்காரன் அதுக்கு எத்தனையோ நூறு வருசத்துக்கு முந்தியே சொல்லிட்டான். ஆதியாகமத்துல ஒரு நிமிசம் விட்டுக்குடுக்காதவரு இதுல பத்து பெர்சென்ட் விட்டுக்குடுக்குறாரு.

கலாத்தியர் 3:28ஐ எடுத்துக்கங்க, 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை'. இந்த வசனம் பொய்யின்னு சொல்ற ஒரு கிறிஸ்தவரைக்கூட நான் பாத்ததில்ல. ஆனா கல்யாணம்னு வந்துட்டா முதல் கேள்வி என்னன்னு உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வர்ற மணமகன் தேவை பக்கத்தைத் திறந்து பாருங்க, ரட்சிக்கப்பட்ட குடும்பம்னு போட்டு அடுத்த வார்த்தையிலயே சாதி. நம்ம தமிழ்நாட்டுல கல்லறைத் தோட்டத்துக்குள்ளயே சுவர் வச்ச ஊரு இருக்கு. செத்தவங்களுக்கு நடுவுல சுவர்! யோனாவை மீன் முழுங்குச்சுன்னு நம்புறதுக்கு ஒரு பைசா செலவில்ல, இதை நம்புனா மகளைக் குடுக்கணும்.

சரி, 'முழுசும்'னா எதை முழுசுங்கறீங்க? எங்க வீட்டுக்காரர் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, கல்யாணமாகி நாப்பது வருசமா ஒரே அலமாரியில ரெண்டு பைபிள் இருக்கு. அவரோட திருவிவிலியத்துல 73 புத்தகம், என்னோடதுல 66. தோபித்து, மக்கபேயர் எல்லாம் அவர் பக்கம் வேதம், என் பக்கம் இல்ல. சபையைச் சீர்திருத்துன லூத்தர் 1534ல ஜெர்மன்ல முழு பைபிள் போட்டப்ப அதையெல்லாம் தூக்கிப் போடல, தனியா ஒரு பகுதியா வச்சாரு. கத்தோலிக்கர் 1546ல திரெந்துங்கற ஊர்ல கூடுன சங்கத்துல இதுவும் வேதம்தான்னு முடிவா சொல்லிட்டாங்க. நாங்க புதுசா குடும்பம் பண்ணப்ப இதுக்குச் சண்டை போட்டோம், இப்ப கண்ணாடி எங்கன்னு தேடுறதுக்குத்தான் சண்டை.

அப்புறம், எந்தத் தமிழு? ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சது 1715. அதுக்கப்புறம் ஃபேப்ரீஷியஸ் ஐயர் கடவுளுக்குப் பராபரன்னு போட்டாரு, இப்ப எங்க கையில இருக்குற பவர் ஐயர் திருப்புதல் 1871ல வந்தது, அதுல தேவன், 1995ல வந்த திருவிவிலியத்துல கடவுள். அந்தக் காலத்து கத்தோலிக்கரு சர்வேசுரன்னுதான் சொன்னாங்க. ஆண்டவர் பேருக்கே தமிழ்ல இத்தனை வார்த்தை மாறியிருக்கு. வார்த்தை மட்டும் இல்ல, வசனமே மாறுது. என் பைபிள்ல ஒண்ணாம் யோவான் 5:7ல 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்'னு பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூணு பேரும் வர்றாங்க. வீட்டுக்காரர் பைபிள்ல அந்த வரி இல்ல. பழைய கிரேக்கப் பிரதிகள்ல அது இல்லாததால எராஸ்மஸ்ங்கற அறிஞர் 1516லயும் 1519லயும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சுப் போட்டப்ப அதைச் சேக்கல, ஏன் சேக்கலன்னு எல்லாரும் பிடிச்சுத் திட்டுனதுல 1522ல சேத்துட்டாரு. மாற்கு சுவிசேஷத்துக் கடைசிப் பன்னெண்டு வசனமும் ரொம்பப் பழைய ரெண்டு பிரதியில கிடையாது. இறையியல் காலேஜ்ல படிச்ச ஆயருங்க அத்தனை பேருக்கும் இது தெரியும், பிரசங்க மேடையில ஏறுனா மட்டும் ஒருத்தரும் வாய் திறக்குறதில்ல, அப்புறம் பிள்ளைங்க செல்லுல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு வந்து எங்களைக் கேக்குது.

முதல் லெட்டர் எழுதுன சகோதரர் இதுக்கு ஒரு பதில் வச்சுருப்பாரு, எனக்குத் தெரியும். 1978ல அமெரிக்காவுல சிகாகோவுல சுவிசேஷச் சபைக்காரங்க கூடி வேதம் பிழையற்றதுன்னு ஒரு அறிக்கை விட்டாங்க, அதுலயும் மூலப்பிரதிதான் பிழையில்லாததுன்னு சொல்றாங்க. நல்லது, ஆனா மூலப்பிரதி ஒண்ணுகூட இன்னைக்கு யாரு கையிலயும் இல்லையே. இல்லாத பேப்பருக்கு கியாரண்டி கார்டு மட்டும் இருக்குற மாதிரி.

எங்க சபை என்ன சொல்லுதுன்னு பாத்தா எனக்கு ஆறுதலா இருக்கு. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ல ஒண்ணா சேந்தப்ப எழுதிவச்ச அமைப்புச் சட்டத்துல, ரட்சிப்புக்குத் தேவையான எல்லாம் பழைய புதிய ஏற்பாட்டுல அடங்கியிருக்கு, விசுவாசத்துக்கு அதுதான் கடைசி அளவுகோல்னு இருக்கு. அகசியா வயசு ரட்சிப்புக்குத் தேவையில்ல. கத்தோலிக்கர் 1965ல ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான், நம்ம மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க நினைச்ச உண்மையை வேதம் பிழையில்லாமக் கற்பிக்குதுன்னு. நாப்பது வருசம் சண்டை போட்ட ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் நின்னுருக்கோம். அந்த 3:16 வசனத்தை அடுத்த வசனத்தோட சேத்து முழுசா வாசிங்களேன், உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுறதுக்கும், சீர்திருத்துறதுக்கும் 'பிரயோஜனமுள்ளவைகளாயிருக்கிறது'ன்னுதான் முடியுது.

இப்படிச் சொன்னா உடனே, அப்ப பிடிக்காததையெல்லாம் கிழிச்சுப் போட்டுருவீங்களான்னு கேப்பாங்க. மாட்டேன். இங்கதான் எனக்கும் அந்த ரெண்டாவது ஐயாவுக்கும் வித்தியாசம். ரெண்டாம் நூற்றாண்டுல மார்சியன்னு ஒருத்தரு பழைய ஏற்பாடே வேணாம், கோவக்கார தேவன்னு வெட்டி எறிஞ்சாரு. தாத்தியான்னு இன்னொருத்தர் நாலு சுவிசேஷமும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதுன்னு நாலையும் ஒரே கதையாத் தச்சாரு. சபை ரெண்டையும் கடைசில எடுத்துக்கல. நாலு பேரு நாலு மாதிரி சொல்றதை அப்படியே வச்சுக்கிட்டாங்க. ஒரே வீட்ல நாலு பிள்ளைட்ட அப்பா எப்படின்னு கேட்டா நாலு பதில்தான வரும்.

137ஆம் சங்கீதம் 'பாபிலோன் ஆறுகள் அருகே'ன்னு அழகா ஆரம்பிக்கும், கொயர்ல பாடுவோம். கடைசி வசனத்தைப் பாட மாட்டோம். பாபிலோனே, உன் குழந்தைகளைப் பிடிச்சு கல்லு மேல மோதுறவன் பாக்கியவான்னு முடியுது. நான் பிள்ளைகளுக்கு அதை வாசிச்சதே இல்ல, அது வேதத்துல எதுக்கு இருக்குன்னே ரொம்ப நாள் எனக்குப் புரியல. எங்க தெருவுல ஒரு அம்மா, ஒரே மகன், பைக்குல போகும்போது லாரிக்காரன் அடிச்சுட்டு நிக்காமப் போய்ட்டான். மூணாம் நாளு துக்கம் கேக்கப் போனேன். அந்தம்மா வாசல்ல உக்காந்து மண்ணை ரெண்டு கையாலயும் அள்ளி ரோட்டைப் பாத்து வீசுறாங்க, 'அவன் வீட்லயும் தொட்டில் ஆடக்கூடாது'ன்னு. யாரும் தடுக்கல. யாரும் ஆமென்னும் சொல்லல. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டோம். வீட்டுக்கு வந்து அந்தச் சங்கீதத்தை எடுத்தேன், அது கட்டளை இல்லங்க, ஒப்பாரி. ஊரை எரிச்சுட்டுப் பிள்ளைகளைக் கொன்னுட்டுப் போனவங்களை நினைச்சு அழுறவன் வாயிலருந்து வந்தது. கண்ணகி எரிச்ச ஊருலதான இருக்கோம், நமக்குத் தெரியாதா இந்தக் கோவம். அவளாவது பத்தினிப் பொண்ணுங்க, வயசானவங்க, குழந்தைகளை விட்டுருன்னு தீயிட்ட சொன்னா, சங்கீதக்காரனுக்கு அந்த நிதானமும் போயிருச்சு. அந்த வசனம் உண்மையான்னா, அந்தம்மா சொன்னது எம்புட்டு உண்மையோ அம்புட்டு உண்மை. அதைச் செய்யணுமான்னா, கூடாது. ஆனா கிழிக்கவும் கூடாது, கிழிச்சா அந்தம்மாவுக்கு வேதத்துல இடம் இல்லாமப் போயிரும்.

பொம்பளைங்க சபையில பேசக்கூடாதுங்கற வசனத்தைப் பத்தியும் எழுதணும்னு நினைச்சேன், ஒண்ணாம் கொரிந்தியர் 14:34, அதை என் மூஞ்சிக்கு நேரா வாசிச்சவங்க ரெண்டு மூணு பேரு உண்டு. அதே லெட்டர்லயே மூணு அதிகாரம் முன்னாடி பொம்பளைங்க ஜெபம் பண்றப்ப, தீர்க்கதரிசனம் சொல்றப்ப முக்காடு போடணும்னு இருக்கு, பேசவே கூடாதுன்னா தீர்க்கதரிசனம் எப்படிச் சொல்றது, சைகையிலயா? 2013ல ஆந்திராவுல நந்தியால் பேராயத்துக்கு புஷ்பலலிதா அம்மா பேராயரா வந்தாங்க, எங்க திருச்சபையில முதல் பெண் பேராயர். இதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு.

அந்தப் பையன் போன வாரம் மறுபடி நோட்டோட வந்தான். மத்தேயுல யூதாஸ் நாண்டுக்கிட்டுச் செத்தான்னு இருக்கு, அப்போஸ்தலர்ல தலைகீழா விழுந்து வயிறு வெடிச்சான்னு இருக்கு, எது டீச்சர்னு கேக்குறான். ரெண்டையும் எழுதிட்டு வா, எது எங்க வித்தியாசப்படுதுன்னு கோடு போட்டுட்டு வான்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அவன் பெரியப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன், வருவாருன்னுதான் நினைக்கிறேன், அவருக்கு வசனம் எல்லாம் நல்லாத் தெரியும்.

இந்த லெட்டரைப் போட்டீங்கன்னா வசன நம்பரை மட்டும் ப்ரூஃப் பாக்குற தம்பியை ஒருக்க சரிபாக்கச் சொல்லுங்க ஐயா. ரொம்ப நம்பர் எழுதிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு சண்டே ஸ்கூல் டீச்சர், மதுரை